கண்ணாடி அலமாரி வாங்கப் போறீங்களா? கதவை அப்புறம் பாருங்க, முதல்ல தட்டைப் பாருங்க!

கீரனூர் மாமா வீட்டு ஹாலுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் கண்ணாடி அலமாரிதான். புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிற கீரனூர் இல்லை. இது திண்டுக்கல் மாவட்டம், பழனி வட்டத்துக் கீரனூர். ‘மீன்காரத் தெரு’, ‘கருத்த லெப்பை’ நாவல்களை எழுதிய கீரனூர் ஜாகிர்ராஜாவின் ஊர்.

மாமா ரிட்டயர்டு வாத்தியார். பரணில் அட்டைப் பெட்டிகளில் கிடந்த புத்தகங்களுக்கு ஒரு நல்ல இடம் வேண்டும் என்று, ஓய்வுபெற்ற கையோடு அந்த அலமாரியை ரெடிமேடாக வாங்கினார். 4 அடி அகலம், இழுத்துத் திறக்கும் கண்ணாடிக் கதவு, பூட்டு, சாவி. வந்தவர்கள் எல்லாம் “லைப்ரரி மாதிரி இருக்கே” என்றார்கள். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

போன தீபாவளிக்குப் போயிருந்தேன். நடுத்தட்டில் அத்தை பைண்டு செய்து வைத்த தொகுப்புகள் இருந்தன. அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை, படங்களோடு வாராவாரம் பிரித்தெடுத்துச் சேர்த்து, பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்த தொகுப்புகள். அதே கதை இன்று புத்தகமாகக் கிடைக்கலாம். ஆனால் அந்தப் படங்களோடும், ஓரத்தில் அத்தை எழுதிய தேதிகளோடும் எங்கேயும் கிடைக்காது.

ஒன்றை எடுத்துப் பார்க்க ஆசைப்பட்டேன். கண்ணாடி பாதியில் சிக்கி நின்றது. தட்டு தொய்ந்து, கண்ணாடி ஓடும் சேனலை அழுத்திக்கொண்டிருந்தது. ஒருவழியாகத் திறந்து இழுத்தால், முதுகு அட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே மண். பின்பக்கச் சுவரிலிருந்து வந்த கரையான், பின்பலகையைத் துளைத்து, தாள்களை முழுசாகத் தின்று முடித்திருந்தது.

மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “தினமும் கண்ணாடி வழியா பாத்துட்டுத்தான் இருந்தேன் மாப்ள. முதுகு நல்லாத்தானே இருந்துச்சு.”

அதற்குப் பிறகு மாமாவுக்காக நான் வேறு அலமாரி தேடி அலைந்தேன். மரக்கடை, அலுமினியம் கடை, பழைய சாமான் கடை என்று சுற்றியதில் புரிந்த விஷயங்கள்தான் இந்தக் கட்டுரை. புத்தகத் திருவிழாவில் பை பையாக வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு இது நிச்சயம் உதவும்.

கண்ணாடிக் கதவு எதைத் தடுக்கும்?

தூசியைத் தடுக்கும். பழனி, உடுமலை, தாராபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று இந்தச் சமவெளியில் சுழற்றி அடிக்கும். காற்றாலைகள் இந்தப் பக்கம் வரிசை கட்டி நிற்பதற்கும் அதுதான் காரணம். ஜன்னலைச் சாத்தினாலும் சாயங்காலத்துக்குள் மேஜையில் விரலால் பெயர் எழுதலாம். திறந்த ரேக்கில் வைத்த புத்தகத்தின் மேல் விளிம்பில் ஒரே மாதத்தில் செம்மண் படியும். கண்ணாடி அதை நிறுத்தும். பல்லி எச்சம், குழந்தைகளின் கை, பூனையின் நகம் இவற்றிலிருந்தும் காப்பாற்றும்.

கண்ணாடி தடுக்காதவை மூன்று. ஒன்று, கரையான். அது முன்பக்கம் வழியாக வருவதே இல்லை. சுவர், தரை, பின்பலகை வழியாகத்தான் வரும். இரண்டு, ஈரம். அலமாரிக்குள் ஈரக்காற்று புகுந்துவிட்டால், மூடிய கதவு அதை உள்ளேயே வைத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நீடித்தால் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். மூன்று, வெயில். சாதாரண கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். அட்டை நிறத்தை வெளுக்க வைக்கும் மீதி உள்ளே போய்விடும். ஜன்னலுக்கு நேர் எதிரே வைத்த அலமாரியில் சிவப்பு அட்டைகள் முதலில் வெளிறுவதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆக, கண்ணாடிக்குச் செலவு பண்ணுவது தூசிக்காக. மற்ற மூன்றையும் அலமாரியின் முதுகும், காலும், வைக்கிற இடமும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கடையில் நம் கண் போவதோ கதவின் மேல்.

தட்டு ஏன் தொய்கிறது?

பெரும்பாலான கண்ணாடி அலமாரிகள் பொம்மை, கேடயம், கப்-சாசர் வைப்பதற்காகச் செய்யப்படுபவை. ஷோகேஸ். புத்தகம் அப்படி இல்லை, கனம். நம் ஊர் சாதாரண அளவுப் புத்தகங்களை நெருக்கி அடுக்கினால், ஓர் அடி நீளத்துக்கு 7 முதல் 10 கிலோ வரும். 4 அடித் தட்டு என்றால் 28 முதல் 40 கிலோ. அதாவது ஒரு அரிசி மூட்டையை அந்தத் தட்டில் வருஷக்கணக்கில் படுக்க வைத்திருக்கிறோம்.

இதில் ஒரு சின்ன கணக்கு இருக்கிறது. புத்தகம் நிறைந்த தட்டு எவ்வளவு தொய்யும் என்பது அதன் நீளத்தின் நான்கு மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தடிமன் கூடினால், தொய்வு மூன்று மடிப் பெருக்கத்தில் குறையும். பயப்பட வேண்டாம், அர்த்தம் இதுதான்:

• 2 அடித் தட்டை விட, அதே பலகையில் செய்த 3 அடித் தட்டு சுமார் 5 மடங்கு தொய்யும்.

• 4 அடி என்றால் 16 மடங்கு.

• 12 மி.மீ. பலகைக்குப் பதில் 18 மி.மீ. போட்டால், தொய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

மாமா அலமாரியின் தட்டு 4 அடி. நடுவில் தாங்கல் இல்லை. அது தொய்ந்ததில் ஆச்சரியமே இல்லை.

அதனால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “தட்டு எத்தனை அடி, எத்தனை மி.மீ.?” இரண்டரை அடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் போகும் தட்டு புத்தகத்துக்கு ஆகாது. ஏற்கெனவே அப்படி ஒன்றை வாங்கிவிட்டவர்களும் வருத்தப்பட வேண்டாம். தட்டின் நடுவில், மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு அடுக்கிலும் ஒரே நேர்கோட்டில் ஒரு பலகைத் துண்டை நிறுத்தி வையுங்கள். 4 அடி இரண்டு 2 அடியாகிவிடும். செலவு அநேகமாக ஒன்றுமில்லை.

பட்ஜெட்டுக்கு ஏற்ற 5 வழிகள்

குறைந்த செலவிலிருந்து தொடங்குவோம்.

1. வீட்டில் இருக்கும் சுவர் அலமாரிக்கே கதவு

நம் ஊர் வீடுகளில் சுவரோடு சேர்த்துக் கட்டிய செல்ஃப் ஒன்றாவது இருக்கும். கடப்பாக் கல் தட்டு அல்லது கான்கிரீட் தட்டு. கடப்பாக் கல்லைக் கரையான் தின்னாது. ஒரு நல்ல புத்தக அலமாரியில் செலவு பிடிக்கும் பகுதியான தட்டும் உடம்பும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அலுமினியம் ஃபேப்ரிகேஷன் கடையில் ஃபிரேமோடு இரண்டு கண்ணாடிக் கதவு மட்டும் போட்டால் போதும்.

மூன்று விஷயம் கவனிக்கணும். சுவர்த் திறப்பு எப்போதும் சரியான செவ்வகமாக இருக்காது. அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளந்து, இருப்பதிலேயே சிறிய அளவைக் கொடுங்கள். மூலைகளில் விரிசல் இருந்தால் சிமென்ட் வைத்து அடைத்து, பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகே புத்தகம் வையுங்கள். புதுப் பூச்சில் பல வாரங்களுக்கு ஈரம் இருக்கும். கடைசியாக, செல்ஃப் ஆழமாக இருந்தால் புத்தகத்தைச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டாம். பின்னால் 2 அங்குல பி.வி.சி. பைப் துண்டு ஒன்றைப் படுக்கப் போட்டு, அதற்கு முன்னால் அடுக்குங்கள். காற்றும் போகும், கரையான் வந்தால் சுவரிலேயே தெரியும்.

மழையில் நனையும் வெளிச்சுவரிலோ, பாத்ரூமை ஒட்டிய சுவரிலோ இருக்கும் செல்ஃப் என்றால் இந்த வழி வேண்டாம்.

2. பழைய அலமாரி

மூடிய மருந்துக் கடை, ஜவுளிக் கடை, வக்கீல் ஆபீஸ் இவற்றின் கண்ணாடி அலமாரிகள் பழைய சாமான் கடைகளுக்கு வரும். அந்தக் காலத்துத் தேக்கு கிடைத்தால் அதிர்ஷ்டம். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். மரத்தில் குண்டூசி அளவு ஓட்டைகளும், கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் அது உளுத்துக்கொண்டிருக்கிற மரம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அந்தப் பூச்சி உங்கள் வீட்டு மரச்சாமான்களுக்கும் பரவும்.

3. ஸ்டீல் அலமாரி

கண்ணாடிக் கதவு வைத்த ஸ்டீல் புக்கேஸ், ஆபீஸ் ஃபர்னிச்சர் கடைகளில் கிடைக்கும். அழகு கொஞ்சம் கம்மி, உழைப்பு ஜாஸ்தி. இதில் தகட்டின் தடிமனை ‘கேஜ்’ என்ற எண்ணில் சொல்வார்கள். இங்கேதான் பலர் ஏமாறுவது: கேஜ் எண் ஏற ஏற, தகடு மெலிசாகும். 22 கேஜை விட 20 கேஜ் கனம். தட்டின் நடுவில் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். பிஸ்கட் டப்பா மாதிரி ‘டொக்’ என்று உள்வாங்கினால் புத்தகத்துக்கு ஆகாது. தட்டுக்கு அடியில் மடிப்போ, குறுக்குப் பட்டையோ இருந்தால் நல்லது. ஸ்டீலைக் கரையான் தின்னாதுதான், ஆனால் உள்ளே இருக்கும் தாளைத் தேடி இடுக்கு வழியாக வரும். கால் வைத்துத் தரையிலிருந்து உயர்த்தியே வையுங்கள்.

4. ஆன்லைனில் வரும் அட்டைப்பெட்டி அலமாரி

பார்சலில் வந்து நாமே பூட்டுகிற ரகம். பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு அல்லது எம்.டி.எஃப். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்தது. பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் மாப் போடும் தண்ணீர் பட்டால் ஊதிவிடும். ஒரு தடவை கழற்றிய ஸ்க்ரூ அதே ஓட்டையில் மறுபடி இறுகாது. வருஷா வருஷம் வீடு மாற்றும் சென்னை, கோவை பேச்சிலர்கள் இதைத்தான் முதலில் வாங்குகிறார்கள், இரண்டாவது ஷிஃப்டிங்கில் விட்டுவிட்டுப் போகிறார்கள். வாங்கித்தான் ஆகணும் என்றால், தட்டு 2 அடிக்குள் இருக்கிற மாடலாகப் பாருங்கள்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு யோசனை: ஒரு பெரிய அலமாரிக்குப் பதில், 3 அடி உயரத்தில் இரண்டு சின்ன அலமாரி. மாடிப்படியில் ஏற்றலாம், ஒன்றன் மேல் ஒன்று வைக்கலாம். 100 வருஷத்துக்கு முன்பே அமெரிக்காவின் குளோப்-வெர்னிக்கே நிறுவனம், ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனிப் பெட்டியாக, தனித்தனிக் கண்ணாடிக் கதவோடு செய்து விற்றது. புத்தகம் சேரச் சேர ஒரு அடுக்கு வாங்கி மேலே வைத்துக்கொள்ளலாம். அந்த ஐடியா இன்றைக்கும் வேலை செய்யும்.

5. கார்பென்டர் வைத்துச் செய்வது

இதுதான் செலவு அதிகம் என்று நினைப்போம். அளவைச் சரியாகத் திட்டமிட்டால் அப்படி இல்லை. மாமாவுக்கு நாங்கள் போட்ட கணக்கைச் சொல்கிறேன்.

ஒரே ஷீட்டில் 300 புத்தகம்

பிளைவுட் 8 அடிக்கு 4 அடி ஷீட்டாக வரும். 18 மி.மீ. ஷீட் ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் ஒன்பதேகால் அங்குல அகலத்தில் அறுத்தால் 5 பட்டை கிடைக்கும், ஒவ்வொன்றும் 8 அடி நீளம்.

• முதல் மூன்று பட்டைகளில் தலா ஒரு 6 அடித் துண்டு. இரண்டு பக்கப் பலகை, ஒரு நடுப் பலகை ஆயிற்று. மிச்சமிருக்கும் 2 அடியில் தலா ஒரு தட்டு.

• நான்காவது பட்டையில் மேல் பலகையும் அடிப்பலகையும், தலா 2 அடி 9 அங்குலம். மிச்சத்தில் ஒரு தட்டு.

• ஐந்தாவது பட்டை முழுக்க 6 தட்டு.

மொத்தம் 10 தட்டு, ஒவ்வொன்றும் சுமார் 15 அங்குலம். அடிப்பலகையையும் சேர்த்தால் பக்கத்துக்கு 6 அடுக்கு, இரண்டு பக்கமும் 12 அறை. அடுக்குக்கு அடுக்கு 11 அங்குல உயரம் கிடைக்கும். எட்டரை அங்குலப் புத்தகம் தாராளமாக நிற்கும். எல்லா அறைகளையும் சேர்த்தால் 15 அடி நீளம். ஒரு புத்தகம் சராசரியாக ஒன்றரை செ.மீ. தடிமன் என்று வைத்தால் 300 புத்தகம். தட்டு ஒன்றேகால் அடிதான் என்பதால் தொய்வு என்ற பேச்சே இல்லை.

பின்பலகைக்கு 6 மி.மீ. பிளைவுட் பதினாறரை சதுர அடி, அதாவது ஏறக்குறைய அரை ஷீட். கதவுக்கும் அதே பதினாறரை சதுர அடி கண்ணாடி. இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மூன்று கடைகளில் ரேட் கேளுங்கள். ‘ஒரு புக்கேஸ் என்ன ஆகும்?’ என்று கேட்டால் வாய்க்கு வந்த விலை வரும். ‘இந்த ஷீட் ஒன்று, அது அரை, கண்ணாடி இவ்வளவு சதுர அடி, கூலி தனியா சொல்லுங்க’ என்று கேட்டால் பதிலும் தெளிவாக வரும்.

பிளைவுட்டில் ஐ.எஸ். 303 என்ற முத்திரை பொது உபயோக ரகத்துக்கு, ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட், தண்ணீரை அதிகம் தாங்கும், விலையும் கூடும். புத்தக அலமாரி தண்ணீரில் நிற்கப்போவதில்லை. வீடு உலர்வாக இருந்தால் நல்ல 303 போதும். உள்பக்கம் மைக்கா ஒட்டுவதையும் தவிர்க்கலாம். இரண்டு கோட் பெயின்ட் அல்லது வார்னிஷ் அடித்தாலே போதுமானது. ஆனால் அறுத்த ஓரங்களை மட்டும் சும்மா விடாதீர்கள். ஈரம் உள்ளே போவது அந்த ஓரம் வழியாகத்தான்.

செய்து முடித்ததும் ஒன்றிரண்டு வாரம் கதவைத் திறந்தே போடுங்கள். பசை வாசனை போகட்டும்.

கண்ணாடி: 4 மி.மீ.யா, 5 மி.மீ.யா?

கண்ணாடியின் எடையைக் கணக்கிடுவது சுலபம். ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் இரண்டரை கிலோ. மேலே சொன்ன அலமாரியின் ஒரு கதவு 4 மி.மீ. என்றால் ஏழரை கிலோவுக்குச் சற்று மேல். 5 மி.மீ. என்றால் ஒன்பதரை கிலோ. அவ்வளவும் தொங்கப்போவது கீல்களில். ஃபிரேம் வைத்த கதவுக்கு 4 மி.மீ. போதும், ஃபிரேம் இல்லாத கதவுக்கு 5 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். 6 அடிக் கதவுக்கு இரண்டு கீல் வைத்து முடிக்கப் பார்த்தால் விடாதீர்கள், நான்காவது கேளுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் டஃபன்ட் கண்ணாடி நல்லது. உடைந்தாலும் கத்தி மாதிரி நீளத் துண்டுகளாகச் சிதறாமல், மழுங்கிய சின்னச் சின்னத் துண்டுகளாக உதிரும். ஆனால் ஒன்று: டஃபன்ட் செய்த பிறகு அதை அறுக்கவோ, துளை போடவோ முடியாது. அலமாரி முழுசாக முடிந்த பிறகு அளவெடுத்துக் கொடுங்கள். அளவு தப்பினால் அந்தக் காசு போச்சு.

கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் போடலாமா? போடலாம். எடை பாதிதான், உடையாது. ஆனால் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும், தூசியையும் ஈர்க்கும்.

இழுக்கும் கதவா, திறக்கும் கதவா? முன்னால் இடம் இல்லாத குறுகிய ரூம் என்றால் இழுக்கும் கதவுதான் வழி. ஆனால் ஒரு நேரத்தில் பாதி அலமாரிதான் திறக்கும். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாகத் தூசியும் போகும், கீழ்ச் சேனலில் மண்ணும் சேரும். ஒன்றரை அடி இடம் இருந்தால் கீல் வைத்துத் திறக்கும் கதவே மேல்.

இன்னும் செலவைக் குறைக்கணுமா? கீழே இரண்டு அடுக்குக்குக் கண்ணாடி வேண்டாம். அங்கே பலகைக் கதவு போட்டு, பழைய பத்திரிகை, ஃபைல் எல்லாவற்றையும் வைத்துவிடுங்கள். குழந்தை உதைத்தாலும், துடைப்பம் இடித்தாலும் பயம் இல்லை.

எங்கே வைப்பது?

உள்சுவர் பக்கம். சுவரிலிருந்து 2 முதல் 3 அங்குலம் தள்ளி. தரையிலிருந்து 4 அங்குலமாவது உயர்த்தி, அடியில் டார்ச் அடித்துப் பார்க்கிற மாதிரி. கரையான் வந்தால் முதலில் சுவரில் பென்சில் தடிமனில் மண்கோடு ஓடும். அதைப் பார்க்க இடம் விட்டிருந்தால், அது புத்தகத்தைத் தொடுவதற்கு முன்பே ஆள் வைத்து மருந்து அடித்துவிடலாம். மாமா வீட்டில் அலமாரி மேற்குப் பக்க வெளிச்சுவரோடு ஒட்டியிருந்தது. மண்கோடு எப்போது வந்தது என்று பார்க்க வழியே இல்லை.

தள்ளி வைத்த அலமாரி முன்னால் சாயாமல் இருக்க, மேல்பக்கத்தை இரண்டு எல் ஆங்கிள் வைத்துச் சுவரோடு இறுக்குங்கள். 300 புத்தகம் 100 கிலோவுக்கு மேல். கண்ணாடிக் கதவு இரண்டையும் விரியத் திறந்தால் பாரம் முன்னால் வரும். கனமான புத்தகங்களை எப்போதும் கீழ்த்தட்டில் வையுங்கள்.

ராமபாணமும் பாச்சை உருண்டையும்

புத்தகத்தில் வெள்ளி நிறத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும் பூச்சியை நம் பாட்டிமார்கள் ராமபாணம் என்பார்கள். அதற்குப் பிடித்தது இருட்டு, ஈரம், பசை. அதனால் தட்டில் பழைய நியூஸ்பேப்பரை விரிக்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்து, பூச்சிக்குப் படுக்கை போட்டுக் கொடுக்கும்.

பாச்சை உருண்டையை மூடிய கண்ணாடி அலமாரியில் போட்டால் நெடி உள்ளேயே தேங்கி, கதவைத் திறக்கிறவர் முகத்தில் அடிக்கும். கைக்குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, பட்டை, மிளகு, கற்பூரம் இவற்றைப் பொடித்துத் துணியில் முடிந்து ஏடுகளுக்கு இடையே வைக்கும் வழக்கம் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்காத பொருள் இதில் எதுவும் இல்லை. வாசனை போனதும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பூச்சியை அண்டவிடாமல் செய்ய இது உதவும். சுவரில் வந்துவிட்ட கரையானுக்கு இது மருந்து ஆகாது.

பழைய புத்தகக் கடையில் வாங்கியதை நேராக அலமாரிக்குள் வைக்காதீர்கள். ஒரு வாரம் தனியே வைத்துப் பாருங்கள். சந்தேகம் என்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்காமல் ஒருநாள் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் வியர்த்து நனையும்.

சாவி எங்கே?

கடைசி விஷயம், பூட்டு. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனை இந்திய நூலகவியலின் தந்தை என்கிறோம். அவர் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதல் விதி: புத்தகம் பயன்படுத்துவதற்கே. வாசகர் நேராக அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுக்கலாம் என்கிற முறையைச் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் கொண்டுவந்தவரும் அவர்தான்.

வீட்டுச் சேகரிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்தவை, 1992-ல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதியின் சேகரிப்பு ஞானாலயா என்ற ஆய்வு நூலகமாக வளர்ந்திருக்கிறது. இவை இன்றும் பயன்படக் காரணம், வந்து கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுக்க ஆள் இருந்ததுதான்.

மாமா அலமாரி பூட்டியே இருந்தது. சாவி பீரோவுக்குள். பேரப்பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்ற பயம். ஒரு வருஷமாக அந்த நடுத்தட்டிலிருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை. யாராவது ஒருவர் மாதம் ஒரு புத்தகத்தை இழுத்துப் பார்த்திருந்தால், மண் ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கும். அத்தையின் பைண்டுகளில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

கடைக்குப் போகும் முன் இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க

• தட்டு நீளம் இரண்டரை அடிக்குள், பிளைவுட் 18 மி.மீ.

• பின்பலகை உண்டா? வெறும் அட்டையா, பிளைவுட்டா?

• தரையிலிருந்து 4 அங்குலம், சுவரிலிருந்து 2 அங்குலம்.

• கதவைச் சாத்தினால் சின்னக் காற்று இடைவெளி இருக்கிறதா? ரப்பர் வைத்து முழுசாக அடைத்தது வேண்டாம்.

• 6 அடிக் கதவுக்கு 4 கீல். குழந்தைகள் இருந்தால் டஃபன்ட்.

• எத்தனை புத்தகம் இருக்கிறதோ, அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம். வருஷா வருஷம் புத்தகத் திருவிழா வரும்.

• காசு பத்தாவிட்டால் உடம்பை இப்போது செய்யுங்கள், கண்ணாடியை அடுத்த போனஸில் போடுங்கள். அதுவரை ஒரு பருத்தித் துணித் திரை போதும். மெலிசான தட்டுக்குக் கண்ணாடிக் கதவு போட்டு வாங்குவதுதான் நஷ்டம்.

மாமா வீட்டில் இப்போது இரண்டு இடத்தில் புத்தகம் இருக்கிறது. உள்ரூம் கடப்பாக் கல் செல்ஃபுக்கு அலுமினியக் கதவு போட்டாயிற்று. ஒரே ஷீட்டில் செய்த அலமாரி, ஹாலில் உள்சுவர்ப் பக்கம் நிற்கிறது. பழைய அலமாரியின் கண்ணாடியை அறுத்துத்தான் அதற்குக் கதவு. கண்ணாடிக்குத் தனியாகக் காசு ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை இல்லையென்றால் இரண்டையும் ஒரு மணி நேரம் திறந்து போடுகிறார். ஒவ்வொரு தட்டிலும் ஒரு புத்தகத்தை இழுத்துப் பின்பக்கம் பார்க்கிறார்.

அத்தையின் தொகுப்புகளில் இரண்டு மட்டும் தப்பின. அவை வேறு தட்டில், ஓரத்தில் இருந்தவை. அதில் ஒன்றை இப்போது எட்டாவது படிக்கும் பேத்தி வாசிக்கிறாள். புது அலமாரிக்கும் பூட்டு இருக்கிறது. சாவி பூட்டிலேயே தொங்குகிறது.